இறகு தொடாத தட்டு

ஓட்ஸ் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. எழுபதுகளின் கடைசி அது. கட்டிலில் கிடந்தவர் என் வீட்டுக்காரர். மில்லில் தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார்கள். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தெட்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டாக்டர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். உப்பு கூடாது. எண்ணெய் கூடாது. நெய், வெண்ணெய், தேங்காய், ஆட்டுக்கறி, கருவாடு, ஊறுகாய் கூடாது. தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். காலை ஆகாரத்துக்கு ஓட்ஸ் கொடுக்க வேண்டும்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டாரும்மா. இன்னொரு தடவை வந்துச்சுன்னா எங்க கையில இல்ல. இனிமே அவரு உயிரு உங்க அடுப்பங்கரையிலதான் இருக்குது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அழவில்லை. ஜன்னலில் பதினோரு கம்பிகள் இருந்தன, அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "எப்டி கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். பேசட்டுமே, எனக்கென்ன. அவர்கள் சொன்னதும் சரிதான். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போனது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் சுருக்சுருக்கென்று குத்தி உயிர் வந்துவிடும். எனக்கு அந்த சுருக்கென்கிற குத்தல் வரவே இல்லை. வாய்க்கு ருசி தெரியவில்லை, மூக்குக்கு வாசனை தெரியவில்லை. சுடுசோறும் ஒன்றுதான், ஊசிப்போன சோறும் ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் என்னையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் அவருக்கு யார் பொங்கிப் போடுவது?

அவர் எப்படிச் சாப்பிடுகிறவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில், மில் வாசல் கடையில் ஒரு முழு நீட்டு ரொட்டியைப் பிய்த்துப் பாயாவில் ஊறப் போட்டு நின்றபடியே தின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு இல்லாவிட்டால் அது அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. சாப்பிடும்போது வாயை மூடிக்கொண்டு சாப்பிட மாட்டார். முதல் கவளம் உள்ளே போனதும் தொடையைத் தட்டி, "அட்றா சக்க!" என்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எனக்குக் கூச்சமாக இருக்கும். "மெதுவாத்தான் சொல்லுங்களேன், ஊருக்கே தண்டோரா போடணுமா?" என்று கடிந்துகொள்வேன். இருபது வருஷம் அப்படிக் கடிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அவர் உடம்பு தறிக்கு ஆகாது என்று மில்லில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஓட்ஸ் அப்போது எல்லாக் கடையிலும் கிடைக்காது. கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரத் தெருவை ஒட்டிய ஒரு கடையில் டின்னில் அடைத்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் டின்னை எடுத்துத் தூசி தட்டிக் கொடுக்கும்போது, "குதிரை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கிண்டல்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் கஞ்சியை என் வீட்டுக்காரர் கரண்டியால் தூக்கிப் பார்த்தார். அது கொழகொழவென்று வழிந்தது.

"இன்னாதிது? மில்லு வாசல்ல இத வச்சி போஸ்டர் ஒட்டலாம், ஒரு மழைக்கும் கிழியாது" என்றார்.

"டாக்டர் சொன்னது."

"டாக்டரு துன்றாராமா இத?"

இரண்டு வாய் சாப்பிட்டார், மூன்றாவது இறங்கவில்லை. அடுத்த நாள் ஒரு வாய். அதற்கடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் கிண்ணம் வைத்த இடத்திலேயே ஆடை கட்டிப்போய் இருந்தது. உப்பில்லாத சோறும் அப்படித்தான் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைத்தான் திட்டினார். "பழையபடி சாப்ட்டாலும் ஆபத்து, சாப்பிடாம கிடந்தாலும் ஆபத்து. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வழி பண்ணுங்கம்மா."

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களின் வீட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுக்காரர் செத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. அவர் சம்சாரம் மட்டும் இருந்தார். நல்ல தமிழச்சிதான், ஆனால் பாதி ஆயுசை பிரான்சில் கழித்தவர் என்பதால் தெருவே மதாம் என்று கூப்பிடும். அவருக்கு நான் கவுன் தைத்துக் கொடுப்பேன். ஒருநாள் அளவெடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"அடிப் பைத்தியம், ஓட்ஸ யாராச்சும் கூழாட்டம் கிண்டுவாங்களா? தட்டுல அழுத்தி ஃபூர்ல வையி. கேக்காட்டம் வரும். ஆம்பளைக்கிக் கடிச்சித் துன்னணும், வழிச்சித் துன்னக் கூடாது" என்றார்.

ஃபூர் என்றால் ரொட்டி வேகிற அடுப்பு. அதற்கு நான் எங்கே போவது? எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பம்பு ஸ்டவ்வும் ஒரு விறகடுப்பும். மதாமே வழியும் சொன்னார். எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். ரொட்டிக்கடைகளில் விடியற்காலை ரொட்டி எல்லாம் வெந்து வெளியே வந்த பிறகும் ஃபூரில் சூடு தங்கியிருக்கும். அந்தச் சூட்டில் அக்கம்பக்கத்து வீட்டுத் தட்டுகளை வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக்குத் தட்டுகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற நாளில் பிஸ்கோத்து, எப்போதாவது முழு மீன். தட்டு மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் இருக்கும். நான் என் தட்டில் அழுத்திய ஓட்ஸின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கிராம்பு குத்தினேன்.

அந்தப் பக்குவத்தை நானாகத்தான் கண்டுபிடித்தேன். முதலில் ஓட்ஸை வெறும் சட்டியில், கை பொறுக்கிற சூட்டில் வறுக்க வேண்டும். வறுத்தால் அந்தப் பசைத்தன்மை போய்விடும். ஏடு நீக்கிய பாலில் கொஞ்ச நேரம் ஊறப் போட வேண்டும். சர்க்கரைக்குப் பதில் கனிந்து கறுத்த வாழைப்பழம் இரண்டும், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும். முட்டையில் வெள்ளை மட்டும். உப்பு இல்லாத குறை தெரியாமல் இருக்க மசாலை: பட்டை, ஏலக்காய், சுக்கு, ஜாதிக்காயில் ஒரு சுரண்டல், நாக்கை உசுப்பிவிட நாலு மிளகு. எல்லாவற்றையும் அம்மியில் நுணுக்கிச் சேர்ப்பேன். தட்டில் எண்ணெய் தடவக் கூடாதல்லவா, அதனால் அடியில் வாழையிலையைப் போட்டு அதன்மேல் அழுத்தி வைப்பேன். எனக்கு வாசனை தெரியாததால் மசாலையை அளவு பார்த்துத்தான் போட்டேன். தையல்காரிக்கு அளவு வராதா என்ன?

தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவருகிற வேலையை அவருக்குக் கொடுத்தேன். போக ஒரு கால் மணி, வர ஒரு கால் மணி. டாக்டர் சொன்ன நடைக்கு நடையும் ஆச்சு. முனகிக்கொண்டேதான் போனார். "மில்லுல தறி ஓட்டுனவன இப்பிடித் தட்டு தூக்க வச்சிட்டியே" என்றார்.

வரும்போது முகம் வேறாக இருந்தது. தட்டு துணிக்குள் சுடச்சுட இருந்தது. ஒரு துண்டு வெட்டி வைத்தேன். வாயில் போட்டார். கொஞ்சம் மென்றார். பிறகு தொடையைத் தட்டினார்.

"அட்றா சக்க!"

அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் முழுத் துண்டையும் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

அதிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் எங்கள் காலை அப்படித்தான் விடிந்தது. நான் இருட்டோடு எழுந்து கலந்து வைப்பேன், அவர் எடுத்துக்கொண்டு போவார். ரொட்டிக்கடையில் ஃபூர்க்காரர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரரை விடப் பத்து வயது மூத்தவர், சூட்டில் நின்று நின்று புருவ மயிர் உதிர்ந்துபோனவர். தெருவில் எங்காவது என்னைப் பார்த்தால் தங்கச்சி என்பார், அதனால் இவரை மாப்ள என்று கூப்பிடுவார். தட்டு வேகிற வரை இவர் அங்கே ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு அவரோடு வாயடித்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது தட்டோடு ஒரு கதையும் வரும். யார் வீட்டுப் பெண்ணுக்கு பிரான்சிலிருந்து மாப்பிள்ளை வருகிறான், கனகசெட்டிக்குளத்தில் எவ்வளவு பெரிய சுறா மாட்டியது, சேதராப்பட்டில் புதிதாக வரப்போகிற பேக்டரியில் யாருக்கு வேலை. சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். நான் ம் கொட்டிக்கொண்டு என் சோற்றைச் சாப்பிடுவேன். ஓட்ஸை நான் தொட மாட்டேன். அது அவர் மருந்து, டின் கிடைப்பதே கஷ்டம். மேல்பாகம் பளபளவென்று பொன்னிறமாக இருக்கும். வாழைப்பழம் வெந்து அப்படி மின்னுகிறது என்று நினைத்தேன்.

தெருவில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. "புருஷன கையில புடிச்சி வச்சிருக்கா" என்றார்கள். கல் என்று சொன்ன அதே வாய்கள்தான்.

வருஷம் முடிகிற நேரத்தில் டாக்டரிடம் போனபோது, அவர் இவர் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"பிரஷர் ஏறிக்கிட்டே போவுதே. வெளியில எங்கியாவது சாப்பிடுறாரா?"

"இல்ல சார். வீட்ல நான் குடுக்கறதுதான்."

"உப்பு?"

"வீட்லியே கெடையாது சார்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கும் பதினோரு கம்பிதான்.

அன்று முதல் நான் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். சட்டைப் பையைத் துழாவினேன். பாயாக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன், அந்தப் பக்கம் தலைகாட்டியே வருஷமாயிற்று என்றார். சோற்றில் பருப்பைக் குறைத்தேன், பாலைக் குறைத்தேன். ஓட்ஸைச் சந்தேகப்படவில்லை. அது நான் செய்தது, அதைப் போய் எப்படிச் சந்தேகப்படுவேன்?

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். அன்று தட்டை நான் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் மழைக்கு லீவு விட்டிருந்தார்கள். ரொட்டிக்கடைப் பின்வாசலில் நாலைந்து பேர் தங்கள் தட்டுகளோடு நின்றிருந்தார்கள். ஃபூர்க்காரர் என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, மாப்ள எங்க?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வாங்கினார். பக்கத்தில் ஒரு மண்சட்டி இருந்தது. அதில் மஞ்சளாக ஏதோ உருகிக் கிடந்தது. கோழி இறகுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கொத்தை அதில் முக்கி, என் தட்டின் மேல் இழுத்தார். ஒரு தடவை. மறுபடி முக்கி இன்னொரு தடவை.

"இன்னா பண்றீங்க?"

"தடவறேன்மா."

"இன்னாத்த?"

"வெண்ணதான். டின்னு வெண்ண, உப்புப் போட்டது. தெனமும் தடவறதுதானே."

"யாரு தடவச் சொன்னது?"

அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை. "யாரு சொல்லணும்? எங்க ஃபூர்ல எறகு தொடாத தட்டு உள்ள போவாதும்மா. அப்பங் காலத்துலேர்ந்து அப்டித்தான். தடவலன்னா மேல்ப்பக்கம் காஞ்சி வெடிச்சிடும், கடைக்கில்ல கெட்ட பேரு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "மாப்ள தட்டுக்கு மட்டும் ரெண்டு தடவ" என்றார்.

"அவரு கேட்டாரா?"

சிரிப்பு நின்றது. இறகுக் கொத்தைச் சட்டியில் வைத்தார். "மொத நாளு நாந்தான் தடவுனேன். மறுநாளு, இன்னொருவாட்டி இழுங்க மச்சான்னாரு. ஆசையாக் கேட்டாரும்மா."

அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் செத்துக் கிடந்த ஒன்று உச்சந்தலை வரை ஏறியது. காது கொதித்தது. உண்மையைச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது. வேறு எதுவுமே வராத எனக்கு அதுவாவது வந்ததே! அதை விட மனசில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? நெஞ்சு வலி வந்த மனுஷன்! நாளைக்கி அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தாலிக்கி நீங்க பதில் சொல்லுவீங்களா? எறகா தடவறீங்க, பாடைக்கில்ல நாரு முறுக்கிறீங்க!"

தட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. முந்தானையை மழைத் தண்ணீரில் நனைத்து, தட்டின் மேலே அவர் தடவியதை அழுத்தித் துடைத்தேன். ஃபூர்க்காரர் நீளக் கரண்டியில் என் தட்டை மட்டும் வைத்து உள்ளே தள்ளினார். அவர் கண் கலங்கியிருந்ததா, புகையா, நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வெந்து வந்த தட்டு மேலே வெள்ளையாக, காய்ந்து, வாய்க்கால் வாய்க்காலாக வெடித்திருந்தது. அவர் சொன்ன மாதிரியேதான்.

வீட்டில் என் வீட்டுக்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு வெட்டி முன்னால் வைத்தேன். அவர் மேல்பக்கத்தைப் பார்த்தார். வாயில் போட்டார், மென்றார்.

"நீ பாத்துட்டியா" என்றார்.

"பாத்துட்டேன்."

"அவர ஏதாச்சும் சொன்னியா?"

"சொல்லாம? நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு சண்டைக்குத் தயாராக நின்றேன். ஏன் ஏமாத்துனீங்க, என்னை என்ன கேனச்சின்னு நெனச்சிங்களா என்று கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அந்தத் துண்டை ஒரு பொடி விடாமல் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அதுவரை தன் தட்டைத் தானே கழுவியதே இல்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் அவர் ரொட்டிக்கடைக்குப் போகவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவ?" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நடையை வீட்டுப் பின்கட்டிலேயே நடந்தார். கிணற்றிலிருந்து சுவர் வரை, சுவரிலிருந்து கிணறு வரை, அரை மணி நேரம். மில்லில் தறிக்கு நடுவே நடக்கிற மாதிரி நேர்கோட்டில் நடப்பார். தட்டை நான் கொண்டுபோனேன். ஃபூர்க்காரர் வாங்கி வைப்பார், எடுத்துக் கொடுப்பார். அந்தக் கடையிலேயே இறகு தொடாமல் உள்ளே போன தட்டு என்னுடையது ஒன்றுதான். எங்களுக்குள் பேச்சு கிடையாது.

பிரஷர் இறங்கியது. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "இதான் வேணும். உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமை வரவில்லை. அன்றைக்கு ரொட்டிக்கடையில் வந்த கோபம் அந்த வாரத்துக்குள்ளேயே வடிந்துபோய், பழைய மரமரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படி எட்டு வருஷம். நம்புவீர்களா? எட்டு வருஷம் அதே ஓட்ஸ், அதே மசாலை, அதே வெடித்த மேல்பக்கம். தெருவில் இரண்டு வீட்டில் டெலிவிஷன் வந்தது. மதாம் செத்துப்போனார், அவர் கடைசியாக உடுத்திய கவுன் நான் தைத்தது. என் வீட்டுக்காரருக்கு முடி நரைத்தது, கன்னம் கொஞ்சம் தேறியது. ஒருநாளும் இரண்டாவது வலி வரவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். வேண்டாம் என்றதில்லை, இன்னும் கொஞ்சம் என்றதுமில்லை. காலையில் கதை இல்லை. ம் கொட்ட எனக்கும் வேலை இல்லை. சில நாள் அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும். நானாக ஏதாவது பேசலாம் என்று நினைப்பேன், என்ன பேசுவது என்று தெரியாது. மனுஷன் உயிரோடு இருக்கிறார், அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே கேட்டேன், கேட்டது கிடைத்தது.

எட்டாவது வருஷம் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இல்லை. அவருடைய இடத்தில் ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். எல்லாச் சீட்டையும் புரட்டிவிட்டு, நான் கொடுக்கிற சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்கப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தன வருஷமா உப்பே போடாமயா? இவ்ளோ கடுமை வேணாம்மா. கொஞ்சம் உப்பு சேத்துக்கலாம். என்னிக்காவது ஒரு நாள் துளி வெண்ணெய் போட்டா ஒண்ணும் ஆயிடாது. மனுஷன் ஆசையா ரெண்டு வாய் சாப்பிட வேணாமா?"

என் வீட்டுக்காரர் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் கால் வழக்கத்தைவிட வேகமாக நடந்தது. ஃபூர்க்காரருக்கு வயதாகிவிட்டது. நீளக் கரண்டியைப் பிடிக்கக் கை நடுங்கும். என்னைப் பார்த்ததும் பேசாமல் கையை நீட்டினார். நான் தட்டைக் கொடுக்கவில்லை.

"அண்ணே, தடவுங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா சரின்னுட்டாங்க. ரெண்டு தடவ இழுங்க. அன்னிக்கி நான் பேசினத மனசுல வச்சிக்காதீங்க அண்ணே."

"அத எப்பவோ வுட்டுட்டேன் தங்கச்சி." இறகுக் கொத்தை முக்கி எடுத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் இழுத்தார். "மாப்ள எப்டிம்மா இருக்காரு?"

"இருக்காரு" என்றேன்.

தட்டு வெளியே வந்தபோது மேலே பொன்னிறமாக, பளபளவென்று இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அந்த வாசனை எனக்கு வந்தது. சத்தியமாக வந்தது. வெண்ணெயும் பட்டையும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை. ஒன்பது வருஷமாக என் கையால் செய்தது இப்படித்தான் மணக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெருவில் நடந்துகொண்டே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலில் சுருக்கென்று குத்துமே, அந்தக் குத்தல் நெஞ்சில் வந்தது.

வழக்கமான இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பெரிய துண்டாக வெட்டி முன்னால் வைத்தேன். அவர் தொடையையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும், ஊருக்கே கேட்கட்டும், தண்டோரா போடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார், விழுங்கினார். அடுத்த வாய். அதற்கடுத்த வாய். சுவரைப் பார்த்தபடி முழுவதையும் முடித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எது?"

"இன்னிக்கி ஓட்ஸுங்க. எப்டி இருந்துச்சு?"

அவர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"நீ குடுத்த. சாப்ட்டேன்" என்றார்.

பிறகு எழுந்துபோய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்கட்டில் நடக்கப் போனார்.